கம்பெனி ஏன் சும்மா கொடுக்கும்?



இரண்டு மாதமாக எல்லா கிளஸ்டர் கூட்டங்களிலும் உமி நீக்கும் மிஷின் பேச்சுதான். ஒரு கம்பெனி தன்னுடைய சமூகப் பொறுப்பு நிதியிலிருந்து நம் கூட்டமைப்புக்கு இரண்டு மிஷின் தருவதாகச் சொல்லியிருக்கிறது. கட்டிடம் ஊராட்சி தரும். பயிற்சி அரசுத் தரப்பிலிருந்து. அதற்குப் பதிலாக, ஐந்து வருடத்துக்கு நாம் உமி நீக்கும் சாமை, வரகு முழுவதையும் அந்தக் கம்பெனிக்கே கொடுக்க வேண்டும். இதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'அரசு – தனியார் – மக்கள் கூட்டு'.

கூட்டத்தில் பாதிப் பேர், "வரகு குத்திக் குத்தி தோள்பட்டையே போச்சு, மிஷின் வந்தா வாங்கிப் போடுங்க" என்கிறார்கள். மீதிப் பேர் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "கம்பெனி ஏன் சும்மா கொடுக்கும்?"

சரியான கேள்வி. கம்பெனி சும்மா கொடுக்காது. ஆனால் சும்மா கொடுக்காது என்பதாலேயே அது கெட்ட காரியம் என்றும் ஆகிவிடாது. அரசாங்கம், கம்பெனி, தொண்டு நிறுவனம், வெளிநாட்டு நிதி எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து செய்யும் வேலையில் யார் என்ன போடுகிறார்கள், யார் என்ன எடுத்துப் போகிறார்கள், ஒருவர் பாதியில் கழன்றுகொண்டால் என்ன ஆகும் என்று தெரிந்துகொண்டால் நாமே முடிவு செய்யலாம். அதனால் இந்த இதழில் ஒரு நிஜக் கதையைச் சொல்கிறோம். அந்தக் கதையில் வரும் பொருள் நம் எல்லோர் வீட்டுக்கும் வந்திருக்கிறது. ஆறு வாரக் குழந்தையைத் துணை சுகாதார நிலையத்துக்குத் தூக்கிப் போனால் செவிலியர் ஊசியோடு வாயில் விடுகிறாரே, வயிற்றுப்போக்குக்கு ஒரு மருந்து, அதுதான். ரோட்டா சொட்டு மருந்து.

அதற்கு முன்னால் ஒரு வார்த்தை. கூட்டு என்பது நமக்குப் புதிது இல்லை. தமிழ்நாட்டில் அரசு உதவியோடு மகளிர் குழுக்கள் 1989ல் தர்மபுரி மாவட்டத்தில் தொடங்கியபோது, ரோம் நகரத்தில் இருக்கும் 'இஃபாட்' என்ற ஐ.நா. வேளாண்மை நிதி நிறுவனத்தின் கடன் உதவி, மாநில அரசின் மகளிர் மேம்பாட்டு நிறுவனம், இந்தியன் வங்கி, தொண்டு நிறுவனங்கள் என்று பல கை சேர்ந்துதான் தொடங்கியது. 1992ல் நபார்டு வங்கி நாடு முழுக்க 500 குழுக்களை வங்கியோடு இணைத்துப் பார்ப்போம் என்று சோதனை செய்தது. இன்று நாம் வாங்கும் வங்கிக் கடனுக்கு அதுதான் வேர். பல கை சேர்ந்த வேலையின் நடுவில்தான் நாம் நிற்கிறோம்.

தண்ணீரைக் கொதிக்க வைத்தும் வந்த பேதி

குழந்தைக்குப் பேதி என்றால் பாட்டிமார் சொல்லும் காரணம் பல் முளைக்கிறது, கண் பட்டுவிட்டது, தாய் எதையோ சாப்பிட்டுவிட்டாள். படித்தவர்கள் சொல்லும் காரணம் கெட்ட தண்ணீர். இதில் கெட்ட தண்ணீர் என்பது பாதி உண்மை. மீதிப் பாதிக்குக் காரணம் 'ரோட்டா' என்ற வைரஸ். 1973ல் ஆஸ்திரேலியாவில் ரூத் பிஷப் என்ற பெண் விஞ்ஞானியும் அவருடைய குழுவினரும் இதைக் கண்டுபிடித்தார்கள். நுண்ணோக்கியில் பார்த்தால் வண்டிச் சக்கரம் போல இருக்கும். லத்தீன் மொழியில் சக்கரத்துக்கு ரோட்டா என்று பெயர்.

இந்த வைரஸ் ஏழை, பணக்காரர் பார்க்காது. சுத்தமான குழாய்த் தண்ணீர் இருக்கும் அமெரிக்காவிலும் தடுப்பு மருந்து வருவதற்கு முன்னால் ஏறத்தாழ எல்லாக் குழந்தைகளுக்கும் ஐந்து வயதுக்குள் ஒரு தடவையாவது வந்துவிடும். கையில் ஒட்டும், பொம்மையில் ஒட்டும், தொட்டிலில் ஒட்டும். வித்தியாசம் எங்கே என்றால், அங்கே குழந்தையை உடனே ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடுவார்கள். இங்கே வாந்தியும் தண்ணித் தண்ணியாகப் பேதியும் ஆரம்பித்து, பஸ் பிடித்து டவுனுக்குப் போவதற்குள் நீர்ச்சத்து இறங்கி, கண் உள்ளே போய், உச்சிக்குழி பள்ளமாகிவிடும். இந்தியாவில் இந்த ஒரு வைரஸால் மட்டும் வருடத்துக்கு சுமார் 78,000 குழந்தைகள் இறந்தார்கள் என்றும், எட்டரை லட்சத்துக்கும் மேல் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள் என்றும், தடுப்பு மருந்து அரசுத் திட்டத்தில் வருவதற்கு முன்னால் டாக்டர்கள் கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

2006ல் வெளிநாட்டுக் கம்பெனிகள் இரண்டு ஆளுக்கொரு தடுப்பு மருந்தைக் கொண்டுவந்தன. நல்ல மருந்துதான். ஆனால் நம் ஊர் தனியார் ஆஸ்பத்திரியில் ஒரு தவணைக்கே நூற்றுக்கணக்கில் ரூபாய், சில இடங்களில் ஆயிரத்தைத் தாண்டியும் கேட்டார்கள். இரண்டு மூன்று தவணை வேண்டும். வருடத்துக்கு இரண்டரைக் கோடிக் குழந்தைகள் பிறக்கும் நாட்டில் அந்த விலையில் அரசாங்கமும் வாங்கிக் கொடுக்க முடியாது. கூலிக்குப் போகிறவர்களும் வாங்க முடியாது.

பேதி வராத குழந்தைகள்

கதை உண்மையில் 1985லேயே தொடங்கிவிட்டது. டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் பிறந்த குழந்தைகள் வார்டில் ஒரு விசித்திரத்தைப் பார்த்தார்கள். அங்கே பிறந்த பல குழந்தைகளின் மலத்தில் ரோட்டா வைரஸ் இருந்தது. ஆனால் குழந்தைகளுக்குப் பேதி இல்லை! டாக்டர் எம்.கே. பான் என்பவர் தலைமையில் அந்தக் குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். வளர்ந்த பிறகும் அவர்களுக்குக் கடுமையான ரோட்டா பேதி வருவது குறைவாக இருந்தது. அம்மை ஒரு தடவை போட்டவர்களுக்கு மறுபடி வராது என்று நாம் சொல்கிறோமே, அது மாதிரி. இந்த வைரஸ் ஒரு சாது. உள்ளே போய், நோயைத் தராமல், உடம்புக்குப் பாதுகாப்பை மட்டும் கற்றுக்கொடுத்துவிட்டது. அதற்கு '116இ' என்று பெயர் வைத்தார்கள். இன்னொரு வேடிக்கை, இந்த வைரஸில் மாட்டுக்கு வரும் ரோட்டா வைரஸின் ஒரு கூறும் கலந்திருந்தது. இதே போல ஒரு வைரஸ் பெங்களூரிலும் கிடைத்தது, ஆனால் சோதனையில் டெல்லி வைரஸ்தான் முன்னால் நின்றது.

ஆஸ்பத்திரி வார்டில் ஒன்றைக் கண்டுபிடிப்பது வேறு. அதைக் கோடிக்கணக்கான சொட்டு மருந்தாகச் செய்வது வேறு. டாக்டரிடம் தொழிற்சாலை கிடையாது. அரசாங்கத்திடம் சம்பளம் கொடுக்கப் பணம் உண்டு, ஆனால் இந்த மருந்து செய்யும் ஆலை இல்லை. இங்கேதான் கூட்டு வருகிறது.

யார் என்ன போட்டார்கள் என்று நம் பேரேடு மாதிரி எழுதிப் பார்ப்போம். வைரஸையும் முதல் ஆராய்ச்சியையும் போட்டது எய்ம்ஸ், அதாவது அரசு. பணம் போட்டது மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறை. அமெரிக்க அரசின் சுகாதார நிறுவனங்களும் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகமும் ஆய்வுக்கூட அறிவைத் தந்தன. 1987ல் இந்தியாவும் அமெரிக்காவும் தடுப்பு மருந்துக்காக ஓர் ஒப்பந்தம் போட்டிருந்தன, அந்த வழியில் வந்த உதவி இது. பில் கேட்ஸ் அறக்கட்டளையின் பணம் 'பாத்' என்ற தொண்டு நிறுவனம் வழியாக வந்தது. கடைசிக் கட்டச் சோதனைக்கு நார்வே, பிரிட்டன் அரசுகளும் பங்கு தந்தன. மருந்தைச் செய்யப் பொறுப்பெடுத்தது ஹைதராபாத்தில் 1996ல் ஆரம்பித்த பாரத் பயோடெக் கம்பெனி. அப்போது அது சின்னக் கம்பெனி. அதை ஆரம்பித்த டாக்டர் கிருஷ்ணா எல்லா நம் திருத்தணிப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பிள்ளை.

இப்போது உறுப்பினர்கள் கேட்ட கேள்விக்கு வருவோம். அந்தக் கம்பெனி ஏன் வந்தது? தர்மத்துக்காக மட்டும் இல்லை. சொந்தச் செலவில் வைரஸைத் தேடி, இருபது வருடம் ஆராய்ச்சி செய்து, ஆயிரக்கணக்கான குழந்தைகளிடம் சோதிப்பது என்றால் அந்தக் கம்பெனி அன்றைக்கே மூழ்கிப் போயிருக்கும். பாதிச் சுமையைப் பலர் தூக்கினார்கள். கடைசியில் அரசாங்கமே பெரிய வாடிக்கையாளர் ஆகும் வாய்ப்பும் தெரிந்தது. உலக சுகாதார நிறுவனம் தரச்சான்று கொடுத்துவிட்டால் மற்ற நாடுகளுக்கும் விற்கலாம். இது லாபக் கணக்குதான், அதில் ஒளிவு மறைவு இல்லை.

ஆனால் பணம் போட்டவர்கள் ஒரு முடிச்சுப் போட்டுவிட்டார்கள். எங்கள் கருத்தில் இந்தக் கதையிலேயே முக்கியமான இடம் இதுதான். பொதுப் பணமும் தர்மப் பணமும் இதில் இருப்பதால், அரசாங்கத்துக்கு விற்கும்போது ஒரு டோஸ் ஒரு டாலர் அளவில்தான் இருக்க வேண்டும் என்ற பேச்சு முன்கூட்டியே முடிந்தது. 2013ல் சோதனை முடிவு வந்த சமயத்தில் கம்பெனி அதை ஊரறியச் சொன்னது. அன்றைய மதிப்பில் 60 ரூபாய்க்குள். மருந்து வெற்றியாகி, ஊரே கேட்கும்போது உட்கார்ந்து விலை பேசியிருந்தால் இந்த விலை கிடைத்திருக்குமா? கல்யாணச் சமையல்காரரிடம் பந்தி போட்ட பிறகு கூலி பேசுகிற மாதிரிதான் ஆகியிருக்கும்.

வேலூர்க் குழந்தைகள்

பெரிய சோதனை 2011ல் மூன்று இடங்களில் தொடங்கியது. டெல்லி, புனே பக்கம், நம் வேலூர். வேலூரில் சி.எம்.சி. மருத்துவமனை செய்தது, டாக்டர் ககன்தீப் காங் அங்கே பொறுப்பு. மூன்று இடத்திலும் சேர்த்து 6,799 குழந்தைகள். இதில் 4,532 பேருக்கு மருந்து, 2,267 பேருக்கு மருந்து இல்லாத வெறும் சொட்டு. எந்தக் குழந்தைக்கு எது என்று தாய்க்கும் தெரியாது, சொட்டு விட்டவருக்கும் தெரியாது. அப்போதுதான் முடிவில் பாரபட்சம் வராது. களப்பணியாளர்கள் வாரா வாரம் குடும்பங்களைத் தொடர்புகொண்டு, பேதி இருக்கிறதா, வாந்தி இருக்கிறதா என்று கேட்டார்கள். நோய் வந்தால் மருத்துவ உதவியும் தந்தார்கள்.

அந்தத் தாய்மார்கள் போட்ட பங்கு எந்தப் பேரேட்டிலும் ரூபாயாக ஏறாது. கையெழுத்தோ கைரேகையோ வைத்து, ஆறேழு வாரக் குழந்தையைத் தந்து, இரண்டு வருடம் கேள்விகளுக்குப் பதில் சொன்னார்கள். கூட்டு என்று பத்திரிகையில் எழுதும்போது அரசு, கம்பெனி, அறக்கட்டளை என்று மூன்று பேர் படம்தான் வரும். நாலாவது பங்காளி இவர்கள்தான் என்று நாங்கள் நினைக்கிறோம்.

முடிவு என்ன? முதல் வருடத்தில் கடுமையான ரோட்டா பேதியை இந்த மருந்து 56 சதவீதம் தடுத்தது. அப்படின்னா என்ன? மருந்து இல்லாவிட்டால் 100 குழந்தைக்குக் கடுமையாக வந்திருக்கும் என்று வைத்துக்கொண்டால், மருந்து கொடுத்ததால் 56 குழந்தை தப்பியது, 44 குழந்தைக்கு வந்துவிட்டது. "அவ்வளவுதானா?" என்று தோன்றலாம். பணக்கார நாட்டில் நன்றாக வேலை செய்யும் விலை அதிகமான மருந்துகளும் ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் ஏழைக் குழந்தைகளிடம் சோதித்தபோது கிட்டத்தட்ட இந்த அளவுதான் தடுத்தன. சொட்டு மருந்து கொடுத்தாச்சு, இனிமேல் பேதியே வராது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். உப்பு சர்க்கரைக் கரைசலும் துத்தநாக மாத்திரையும் எப்போதும் வேண்டும்.

கேள்வி கேட்டவர்களும் இருந்தார்கள். வேறு மருந்து உலகத்தில் இருக்கும்போது 2,267 குழந்தைகளுக்கு வெறும் சொட்டுக் கொடுத்தது நியாயமா என்று கேட்டார்கள். இன்னொரு பயம், குடல் செருகல். ஒரு குடல் இன்னொன்றுக்குள் மடங்கிப் போகும் நோய் இது. 1998ல் அமெரிக்காவில் வந்த முதல் ரோட்டா மருந்தை இந்தக் காரணத்தால்தான் அடுத்த வருடமே நிறுத்தினார்கள். வேலூரின் கணக்கை மட்டும் தனியாக வெளியிடுங்கள் என்று சில டாக்டர்கள் கேட்டார்கள், விஷயம் டெல்லி உயர்நீதிமன்றம் வரை போனது. பிறகு மருந்து அரசுத் திட்டத்தில் வந்தபின் நாட்டில் 27 ஆஸ்பத்திரிகளில் குடல் செருகலோடு வந்த குழந்தைகளைக் கணக்கெடுத்துப் பார்த்தார்கள். இந்த மருந்தால் அது கூடவில்லை என்று 2020ல் முடிவு வெளியானது. எங்களைக் கேட்டால், கேள்வி கேட்டவர்களைக் காரியத்தைக் கெடுக்க வந்தவர்கள் என்று சொல்ல மாட்டோம். கேள்வி வந்ததால்தான் இவ்வளவு கவனமாகக் கண்காணித்தார்கள். நம் தணிக்கையில் ரசீது எங்கே என்று கேட்கும் உறுப்பினர் மேல் சில குழுக்களில் கோபப்படுகிறார்கள். அந்த உறுப்பினர் கேட்பதை நிறுத்திவிட்டால்தான் கோபப்பட வேண்டும்.

2014ல் அரசு அனுமதி, 2015 மார்ச்சில் வெளியீடு, 2016 மார்ச்சில் நான்கு மாநிலங்களில் அரசுத் திட்டத்தில் ரோட்டா சொட்டு மருந்து சேர்ந்தது. தமிழ்நாட்டுக்கு 2017ல் வந்தது. 2019க்குள் நாடு முழுக்கப் பரவியது. 1985லிருந்து எண்ணிப் பாருங்கள். அந்த எய்ம்ஸ் வார்டுக் குழந்தைகளுக்கு முப்பது வயது ஆன பிறகுதான் மருந்து ஊருக்கு வந்தது. டாக்டர் பான் 2020 ஜனவரியில் காலமானார். தன் மருந்து கிராமம் கிராமமாகப் போனதைப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

கழன்றுகொண்ட கம்பெனி

இப்படி நன்றாக முடிந்த கதையை மட்டும் சொல்லி உங்களைக் கையெழுத்துப் போட வைப்பது எங்கள் நோக்கம் இல்லை. அதே ரோட்டா மருந்தில் இன்னொரு கதையும் உண்டு.

ஏழை நாடுகளுக்குத் தடுப்பு மருந்து வாங்கித் தர 'கேவி' என்று ஓர் உலகக் கூட்டணி இருக்கிறது. 2000ல் சுவிட்சர்லாந்தில் தொடங்கினார்கள். உலக சுகாதார நிறுவனம், யூனிசெஃப், உலக வங்கி, கேட்ஸ் அறக்கட்டளை, பணம் தரும் நாடுகள், மருந்து வாங்கும் நாடுகள், மருந்துக் கம்பெனிகள் எல்லாருக்கும் அதன் நிர்வாகக் குழுவில் இடம் உண்டு. நம் கூட்டமைப்பில் பல குழு சேர்ந்து மொத்தமாக விதை வாங்கினால் கடைக்காரர் விலை குறைக்கிறாரே, அதே தந்திரம்தான். பல நாட்டுக்கும் சேர்த்து மொத்தமாக வாங்குவதால் விலை இறங்குகிறது. மருந்து வாங்கும் நாடும் ஒரு பங்கு போட வேண்டும், வருமானம் கூடக் கூட அந்தப் பங்கும் கூடும், கடைசியில் சொந்தக் காலில் நிற்க வேண்டும். சுழல் நிதி கொடுக்கும்போது சொந்தச் சேமிப்பு எவ்வளவு என்று கேட்பதும் இதற்குத்தான். 2017ல் நம் பள்ளிக்கூடங்களில் தட்டம்மை, ரூபெல்லா ஊசி போட்டார்களே, வாட்ஸ்அப் வதந்தியால் பாதித் தாய்மார் பயந்துபோனார்களே, அந்த முகாமுக்கும் கேவியின் உதவி இருந்தது. உதவி வாங்கும் இந்தியா பணம் கொடுக்கவும் செய்கிறது. 2020ல் ஒன்றரைக் கோடி டாலர் தருவதாக அறிவித்தது.

இந்தக் கூட்டணி வழியாக மேற்கு ஆப்பிரிக்காவில் புர்கினா ஃபாசோ, ஐவரி கோஸ்ட், மாலி, சாவோ தோமே என்ற நான்கு நாடுகளுக்கு அமெரிக்காவின் மெர்க் கம்பெனி ரோட்டா மருந்து கொடுத்துவந்தது. 2018ல், இனிமேல் ஒப்புக்கொண்ட அளவு தர முடியாது, பிறகு அடியோடு நிறுத்துகிறோம் என்று சொல்லிவிட்டது. உற்பத்தி போதவில்லை என்பது அவர்கள் சொன்ன காரணம். அதே வருடம் சீனாவில் பல மடங்கு கூடுதல் விலைக்கு அந்த மருந்தை விற்கத் தொடங்கியிருந்ததைப் பத்திரிகைகள் எழுதின. அந்த நாட்டுத் தாய்மார் என்ன தப்பு செய்தார்கள்? குழந்தையைத் தூக்கிக்கொண்டு நிலையத்துக்கு வந்தால் மருந்து இல்லை. வேறு கம்பெனி மருந்துக்கு மாற வேண்டியதாயிற்று. நல்ல வேளை, மாறுவதற்கு வேறு மருந்து இருந்தது. 2018ல்தான் ஹைதராபாத் மருந்துக்கும், புனே சீரம் நிறுவனத்தின் இன்னொரு ரோட்டா மருந்துக்கும் உலக சுகாதார நிறுவனத்தின் தரச்சான்று கிடைத்தது. அதன்பின் கானா, நைஜீரியா போன்ற நாடுகளுக்கும் நம் நாட்டு மருந்து போனது. வேலூர்த் தாய்மார் வைத்த கைரேகை நைஜீரியாக் குழந்தைவரை போய்ச் சேர்ந்திருக்கிறது.

கழன்றுகொள்வது கம்பெனி மட்டும் இல்லை. அரசாங்கமும் கழன்றுகொள்ளும். 2025 ஜூனில் பிரஸ்ஸல்ஸ் நகரத்தில் கேவிக்குப் பணம் திரட்டும் மாநாடு நடந்தது. 2026லிருந்து ஐந்து வருடத்துக்கு 1,190 கோடி டாலர் வேண்டும் என்று கேட்டார்கள். வாக்குறுதி கிடைத்தது 900 கோடி டாலருக்குக் கொஞ்சம் மேல். அதுவரை பெரிய அளவில் தந்துவந்த அமெரிக்கா, இனிமேல் தர மாட்டோம் என்று அந்நாட்டு சுகாதார மந்திரி ராபர்ட் கென்னடி ஜூனியர் மூலம் அந்த மாநாட்டிலேயே சொல்லிவிட்டது. ஒரு கூட்டத்தில் ஒருவர் சொன்ன வார்த்தையால் எங்கோ ஒரு கிராமத்தில் குளிர்பெட்டி காலியாகிறது. ஒரே ஒரு பெரிய கையை நம்பிக் கட்டிய எந்தக் கூட்டுக்கும் இந்த ஆபத்து உண்டு.

நம் மிஷினுக்கு வருவோம்

2013ம் வருடக் கம்பெனிச் சட்டப்படி, பெரிய கம்பெனிகள் தங்கள் மூன்று வருட சராசரி லாபத்தில் இரண்டு சதவீதத்தைச் சமூக வேலைக்குச் செலவு செய்தாக வேண்டும். அதனால் நமக்கு வரும் மிஷின் அவர்கள் போடும் பிச்சை இல்லை, சட்டம் கேட்கும் கடமை. கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதில்லை, எதிரில் உட்கார்ந்து பேசலாம். அந்தச் சட்டத்தின்படி அவர்களுடைய வழக்கமான வியாபாரத்துக்காகச் செய்யும் செலவை இந்தக் கணக்கில் காட்டக்கூடாது. அப்படியிருக்க, தானியத்தை எங்களுக்கே தர வேண்டும் என்ற நிபந்தனை இதில் எப்படி வந்தது என்று முதலில் கேட்க வேண்டும்.

அடுத்தது விலை. ஒப்பந்தத்தில் 'நியாயமான விலை' என்று போட்டிருக்கிறது. நியாயம் யாருடையது? ரோட்டா மருந்தில் ஒரு டாலர் என்று எண்ணாக இருந்ததால்தான் அது நின்றது. நமக்கும் கிலோவுக்கு இன்ன ரூபாய்க்குக் குறையாது, சந்தை விலை ஏறினால் அதுவும் ஏறும் என்று எழுத வேண்டும். மிஷின் யார் பெயரில் இருக்கும், ரிப்பேர் செலவு யாருடையது, மின்கட்டணம் யார் கட்டுவது என்பதும் இப்போதைய காகிதத்தில் இல்லை. மூன்றாம் வருடம் கம்பெனி வாங்குவதை நிறுத்திவிட்டால் நாம் வேறு வியாபாரிக்கு விற்கலாமா, மிஷின் நம்மிடம் இருக்குமா என்பது பற்றியும் ஒரு வரி கூட இல்லை. நாம் நிறுத்தினால் என்ன அபராதம் என்பதற்கு மட்டும் ஒரு பக்கம் இருக்கிறது! ஐந்து வருடம் முழுத் தானியமும் என்பதற்குப் பதில், பாதியை அவர்களுக்கு, பாதியை நம் சொந்த விற்பனைக்கு என்று கேட்கலாம் என்பது எங்கள் யோசனை. வீட்டுக்குச் சாப்பிட வைத்துக்கொள்ளும் சாமை இந்தக் கணக்கிலேயே வரக்கூடாது.

இதையெல்லாம் கேட்டால் கம்பெனி ஓடிவிடும் என்று சில ஊக்குநர்கள் பயப்படுகிறார்கள். ஓடினால் ஓடட்டும் என்று நாங்கள் சொல்லவில்லை. வரகு குத்தும் வேலை எவ்வளவு கொடுமை என்று களத்தில் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம், மிஷின் வேண்டும். பொதுத்துறை வங்கிக் கடனில் ஒரு மிஷினையாவது கூட்டமைப்பே வாங்க முடியுமா என்று விசாரித்துவருகிறோம். கையில் இன்னொரு வழி இருந்தால் பேச்சில் குரல் தடுமாறாது.

ஒப்பந்தம் ஆங்கிலத்தில் வந்தது. தமிழில் எழுதி கூட்டமைப்பு அலுவலகத்தில் வைத்திருக்கிறோம். செயற்குழுக் கூட்டத்துக்கு முன்னால் குழுவுக்கு ஒருவராவது வந்து வாசித்துவிட்டுப் போங்கள். வாசிக்கத் தெரியாதவர்களுக்கு செவ்வாய், வெள்ளி மதியத்தில் நாங்களே வாசித்துக் காட்டுகிறோம். உங்கள் குழுவில் என்ன பேசினீர்களோ அதைத் தீர்மான நோட்டில் எழுதி, எல்லோரும் கையெழுத்து வைத்துக் கொண்டுவாருங்கள். செயற்குழு அதைப் பார்த்த பிறகுதான் பேனாவை எடுக்கும்.

வரும் வழியில் ஒரு வேலை. வீட்டில் கைக்குழந்தை இருந்தால் தாய் சேய் நல அட்டையை எடுத்துப் பாருங்கள். ஆறு, பத்து, பதினான்காம் வாரத்தில் ரோட்டா சொட்டு மூன்று தவணையும் பதிவாகியிருக்க வேண்டும். முதல் தவணையே விட்டுப்போயிருந்தாலும் குழந்தைக்கு ஒரு வயது முடியாதவரை தொடங்கலாம். புதன்கிழமை செவிலியரைப் பாருங்கள், காசு கிடையாது.